காற்றும் வெயிலும் யாருக்குச் சொந்தம்?

“புயலும் வெள்ளமும் பெருகிவிட்டன, சந்தை விலையும் நிலையாக இல்லை. ஆகவே காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் முதல் போடுவோருக்குச் சர்க்கார் உத்தரவாதம் தரவேண்டும்” என்று முதலாளிகள் கூப்பாடு போடுகின்றனர். இதன் உட்பொருளை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் அறிந்துகொள்ள வேண்டும்.

உத்தரவாதம் கொடுத்த கதை நமக்குப் புதிதல்ல. 2015 ஜூலையில், கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு அதானி கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். யூனிட் 7 ரூபாய் 1 காசு. காலம் 25 ஆண்டு. இரண்டே ஆண்டில், 2017 மே மாதம், ராஜஸ்தானத்து பட்லா ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. அதோடு சேர்ந்து இறங்கும்படி கமுதி ஒப்பந்தம் எழுதப்படவில்லை. சந்தையின் ஆபத்து மின்வாரியத்தின் தலையில்; வாரியத்தின் நஷ்டம் நம் தலையில்!

புயலின் ஆபத்தைச் சுமந்தவர் யார்? 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. வயல் சேற்றில் நின்று நிமிர்த்தியவர்கள் பங்குதாரர்களா? மின் ஊழியர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களுமே! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்தது. பட்டறைகள் நின்றன, சிறு பட்டறைக்காரர்கள் நொடித்தனர். பெரிய முதலாளிக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. தினக்கூலிக்கு என்ன உண்டு?

காற்றும் வெயிலும் நாம் அழைத்த நேரத்துக்கு வரா என்பது மெய்யே. தமிழ்நாட்டில் காற்று மே முதல் செப்டம்பர் வரை பலமாக வீசும்; விளக்கேற்றும் நேரத்தில் சூரியன் மறைந்துவிடும். இதற்குப் பரிகாரம் சந்தையில் இல்லை, காடம்பாறையில் இருக்கிறது. மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, தேவையான நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் அது. 1987-ல் ஓடத் தொடங்கிய அந்த நிலையத்தைக் கட்டியது எந்தக் கம்பெனியும் அல்ல, நமது மின்வாரியம்!

வாரியத்திடம் பணமில்லை என்பார்கள். கம்பெனிக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தரப் பணம் இருந்ததே, அது எங்கிருந்து வந்தது?

நாம் கேட்பது இதுதான்: மின் சேமிப்பு நிலையங்களைப் பொதுத்துறையிலேயே கட்டு! துணை மின் நிலையங்களை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்து! ஒப்பந்த மின் தொழிலாளரை நிரந்தரமாக்கு! வெள்ளத்தால் வேலை நின்ற நாட்களுக்குக் கூலி கொடு!

தோழர்களே! காற்றுக்கும் வெயிலுக்கும் எவனும் பட்டா வாங்கவில்லை. ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் இந்தக் கோரிக்கைகளை முழங்குவோம், ஒன்றுபட்டு வெல்வோம்!