தெய்வப் பட்டமும் முந்நூறு ரூபாயும்

பட்டம் சூட்டுவதில் நம் நாட்டுக்கு நிகர் வேறு நாடு இல்லை. உழவனுக்கு 'நாட்டின் முதுகெலும்பு' என்று பட்டம் தருவோம். அவன் முதுகு வளைந்ததை மட்டும் பாரோம். பெண்ணுக்குத் 'தெய்வம்' என்று பட்டம் தருவோம். சொத்தில் பங்கு கேட்டால் மட்டும் முகம் சுளிப்போம். 2015 டிசம்பர் 27ஆம் நாள் இந்தப் பட்டியலில் மேலும் ஒரு பட்டம் சேர்ந்தது. பிரதமர் நரேந்திர மோடி தம் வானொலி உரையில், உடற்குறையுடையோரை இனித் 'திவ்யாங்' என்று அழைப்போம் என்றார். தெய்விக உறுப்பு உடையவர் என்பது பொருளாம்! உரிமைக்குப் போராடும் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் அச்சொல்லை எதிர்த்தன. பயனில்லை. அரசுத் துறையின் பெயரிலேயே அது ஏறி அமர்ந்துகொண்டது.

பட்டம் வந்தது. பணம் வந்ததா?

இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம் 2009இல் தொடங்கியபோது மைய அரசு தந்தது திங்களுக்கு 200 ரூபாய். 2012இல் அது 300 ஆயிற்று. 2025ஆம் ஆண்டிலும் அதே 300! நாளொன்றுக்குப் பத்து ரூபாய். எங்கள் மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு நடந்து சென்று, முதலில் தென்படும் தேநீர்க் கடையில் அந்தப் பத்து ரூபாயை நீட்டிப் பாருங்கள். ஒரு குவளைத் தேநீருக்கும் அது போதாது. தெய்விக உறுப்பு உடையவருக்கு ஆட்சியாளர் படைக்கும் நைவேத்தியம் இவ்வளவுதான்!

அதுவும் எல்லாருக்குமா? இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். குறைபாடு 80 விழுக்காடு இருக்க வேண்டும். 70 விழுக்காடு என்று மருத்துவர் எழுதிவிட்டால் மையத்தின் கதவு மூடிக்கொள்ளும். 80 விழுக்காடு செயலிழந்தவன்தான் பசியை அறிவான் போலும்!

பாராளுமன்றம் இதைப் பற்றிப் பேசவே இல்லையா என்று கேட்பீர்கள். பேசியது. 1995இல் ஒரு சட்டம் இயற்றியது. 2007இல் இந்தியா ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது. அதற்கேற்ற புதிய மசோதா 2014 பிப்ரவரியில்தான் மாநிலங்களவைக்கு வந்தது. பின்னர் ஏறத்தாழ மூன்றாண்டு உறங்கிற்று. பணமதிப்பிழப்புக் கூச்சலில் அவைகள் அல்லோலகல்லோலப்பட்ட 2016 டிசம்பரில், 14ஆம் நாள் மாநிலங்களவையும் 16ஆம் நாள் மக்களவையும் அதனை நிறைவேற்றின. எதிரெதிரே நின்று முழங்கியவர்கள் இதற்கு மட்டும் ஒன்றாய்க் கை தூக்கினர். நல்லது, அதைப் பாராட்டுவோம். ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே அறிந்திருந்த சட்டம் இருபத்தொன்றை அறிந்தது. அரசுப் பணியில் 3 விழுக்காடாக இருந்த இடஒதுக்கீடு 4 ஆயிற்று. பயன் பெறுதற்குரிய அளவு 40 விழுக்காடு என்று வரையறுக்கப்பட்டது. மற்றவர்க்குத் தரும் உதவியைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்று 24ஆம் பிரிவு ஆணையிட்டது.

ஆனால் அதே 24ஆம் பிரிவின் தொடக்கத்தில் ஒரு பூட்டு தொங்குகிறது. 'பொருளாதார ஆற்றலின், வளர்ச்சியின் எல்லைக்குள்' அரசு திட்டம் வகுக்கும் என்பதே அந்தப் பூட்டு. இது புதிய பூட்டு அன்று; அரசியல் சட்டத்தின் 41ஆம் விதியிலிருந்து கழற்றி வந்து மாட்டிய பழைய பூட்டு. வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகியவற்றில் அரசு உதவ வேண்டும் என்று அவ்விதி கூறும். 'இயன்றால்' என்று உடனே சேர்த்துக்கொள்ளும். இயலுமா, இயலாதா என்று சொல்பவர் யார்? கொடுக்க வேண்டியவரே! கடன்பட்டவனே தீர்ப்பும் எழுதும் வழக்கு இது.

இயலாதா? 2019 செப்டம்பர் 20ஆம் நாள் பெருநிறுவனங்களின் வருமான வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாயை விட்டுக்கொடுக்கிறோம் என்று அரசே அறிவித்தது. அவையில் விவாதம் தொடங்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. அவசரச் சட்டத்தால் அன்றே முடிந்தது. முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் அனைவருக்குமான தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு 2025-26இல் ஒதுக்கிய தொகையோ ஏறத்தாழ 9,650 கோடி. செல்வர்க்கு விட்டுக்கொடுத்ததில் பதினைந்தில் ஒரு பங்குதான்! பொருளாதார ஆற்றல் அங்கே ஆறாய்ப் பாய்ந்தது. இங்கே வரும்போது மட்டும் வறண்டுவிட்டதா?

இன்னொன்றும் கேளுங்கள். விலைவாசி ஏறும் என்பது பாராளுமன்றத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில், உறுப்பினர்களின் ஊதியம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டின்படி தானாகவே உயரும் என்று எழுதிக்கொண்டனர். அதன்படி 1,00,000 ரூபாய் 1,24,000 ஆயிற்று. 2025 மார்ச்சில் அறிவிப்பு. 2023 ஏப்ரல் முதலே கணக்கு! உறுப்பினர்கள் ஊதியம் பெறுவதை நாம் குறை கூறவில்லை. ஊதியமில்லாப் பதவி பணக்காரனுக்கே பயன்படும். நம் கேள்வி வேறு. அதே 24 விழுக்காடு அந்த முந்நூறுக்கும் சேர்ந்திருந்தால் அது 372 ஆகியிருக்கும். அந்த எழுபத்திரண்டு ரூபாய்க்கு ஏன் சட்டம் இல்லை?

ஏனெனில் ஊதியம் உரிமை; உதவித்தொகை தருமம் என்று எண்ணுகின்றனர். உரிமைக்கு விலைவாசி தெரியும். பிச்சைக்கு விலைவாசி தெரியாது. இட்டவன் மனமே அதற்கு அளவுகோல்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். பிறவியிலேயே பார்வையற்றோர்க்கும், செவி கேளாதோர்க்கும், வாய் பேசாதோர்க்கும், சித்தம் கலங்கியோர்க்கும் சொத்தில் பங்கில்லை; சோறும் துணியும் கொடுத்தால் போதும் என்கிறது. பதினோராம் அத்தியாயமோ காரணமே கண்டுபிடித்துவிட்டது! குதிரை திருடியவன் முடவனாவானாம். ஆடை திருடியவனுக்கு வெண்குட்டம் வருமாம். போலியோக் கிருமியை அறியாத காலத்தின் கற்பனை இது. நோயாலும் குறைபாட்டாலும் வாரிசுரிமை போகாது என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு எழுதியபோது, மனு சட்டப் புத்தகத்தைவிட்டு வெளியேறினார். மனத்தைவிட்டு வெளியேறினாரா? 'போன பிறவிப் பாவம்' என்று பரிதாபப்படுபவனும், 'தெய்விக உறுப்பு' என்று கைகூப்புபவனும் ஒரே மரத்தில் பழுத்த இரு கனிகள். இருவருமே அந்த மனிதனைச் சமுதாயக் கணக்கிலிருந்து எடுத்து விதியின் கணக்கில் எழுதிவிடுகின்றனர். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது குங்குமத்துக்கு வரி இல்லை. சக்கர நாற்காலிக்கு 5 விழுக்காடு வரி! தெய்விகத்தின் கணக்கு இதுதான்.

உரிமை எப்படி இயங்கும் என்பதற்குச் சான்று தேடி நாம் கடல் தாண்ட வேண்டியதில்லை. எங்கள் தொழிற்பேட்டையிலேயே காணலாம். ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளியின் விரல்களை அச்சு எந்திரம் நசுக்கினால், மருத்துவக் குழு அவனது உழைப்பாற்றல் இழப்பை அளக்கிறது. அந்த அளவுக்கேற்ற தொகை வாழ்நாள் முழுதும் திங்கள்தோறும் வருகிறது. அவன் ஏழையா என்று எவரும் கேட்பதில்லை. முற்பிறவியில் எதைத் திருடினான் என்று ஆராய்வதுமில்லை. அந்தச் சட்டம் பிறந்த நாள் 1948 ஏப்ரல் 19. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2017 ஏப்ரல் 19. நாள் ஒன்றுதான், இடையே 69 ஆண்டுகள்! அதே பட்டறையில், பதிவேட்டில் பெயரே இல்லாத ஒப்பந்தக் கூலியின் விரல் போனால்? கதவு கதவாகத் தட்டவேண்டும். 80 விழுக்காடு தேறாவிட்டால் அந்த முந்நூறும் இல்லை. நசுங்கிய விரல்களில் என்ன வேற்றுமை கண்டது இந்த நாடு?

டில்லியை மட்டும் சாடிவிட்டு நம் வீட்டை மறந்துவிடக் கூடாது. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைத் தந்தது தமிழ்நாடு. பெருமைதான். 2023இல் இங்கே மாற்றுத்திறனாளிகளின் ஓய்வூதியம் 1,500 ரூபாயாக உயர்ந்தது. அதே ஆண்டில் முதியோர்க்கு 1,200 ஆயிற்று. கணக்குப் போடுங்கள்: சரியாக 25 விழுக்காடு கூடுதல். சட்டம் 'குறைந்தது' என்று சொன்ன கோட்டில் கால் வைத்து நின்றுவிட்டோம். அண்டையிலுள்ள ஆந்திரம் 2024 ஜூலை முதல் 6,000 ரூபாய் வழங்கிற்று. சொல்லில் முந்திய நாம் தொகையில் பிந்தலாமா? நம்மவர் ஆட்சி என்பதால் நாம் நாவை அடக்கினால், அது பகுத்தறிவு ஆகாது, பக்தியாகும்.

ஆகவே இளைஞர்களே, நாம் கேட்க வேண்டியவை மூன்று. உறுப்பினர் ஊதியத்துக்கு உள்ளதுபோல் இந்த உதவித்தொகைக்கும் விலைவாசிக் குறியீட்டைச் சட்டத்திலேயே எழுதுங்கள். 80ஐ அழித்து, சட்டம் ஏற்ற 40ஐ எழுதுங்கள். வறுமைச் சான்று கேட்பதை விட்டொழியுங்கள். குறைபாட்டால் கூடும் செலவு எல்லா வீட்டிலும் கூடுகிறது.

படிப்பகங்களில் இதைப் பேசுங்கள். சான்றிதழுக்கு அலைவோரின் மனுவை எழுதிக் கொடுத்து, அலுவலகம் வரை உடன் செல்லுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அவர்களும் வாக்காளர்கள், அவர்தம் வீட்டாரும் வாக்காளர்கள். அடுத்த முறை கைகூப்பி உங்கள் தெருவுக்கு வரும் வேட்பாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, உங்கள் ஊதியத்தோடு சேர்ந்து ஏறும் விலைவாசி, எங்கள் தெருவில் தவழ்ந்து செல்பவருக்கு மட்டும் ஏறாதா?"