ஆற்று மணலும் அனுமதிச் சீட்டும்

செங்கலடியிலிருந்து பதுளை வீதி வழியே மேற்கு நோக்கிச் சென்றால் கரடியனாறு வரும். பெயரிலேயே காடும் ஆறும் கலந்து நிற்கும் ஊர் அது. வயல் வட்டைகளும் மேய்ச்சல் தரைகளும் சூழ்ந்த அப்பகுதியின் உயிர்நாடி முந்தனையாறு. அவ்வாற்று மணலைப் பற்றியே இவ்வாரம் வாசகர்களுடன் பேச விரும்புகிறோம்.

மணல் என்றால் வீடு கட்டும் பொருள் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். ஆற்றுக்கோ அது நீர்க் களஞ்சியம். மாரி வெள்ளத்தை உறிஞ்சி வைத்திருந்து, கோடையிலே கரையோரக் கிணறுகளுக்குச் சிறிது சிறிதாக வழங்குவது மணற்படுக்கையே. அளவுக்கு மிஞ்சி அள்ளினால் ஆற்றின் அடித்தளம் தாழும்; கிணற்று நீரும் உடன் தாழும். கரை இடிந்து வயல் ஆற்றோடு போகும். வாய்க்காலின் தலைப்பு மேலே நிற்க, நீர் கீழே ஓடும். வாவியை அண்டிய இடங்களிலோ உவர்நீர் உள்ளே ஏறும்.

இதனாலன்றோ மணலை அகழ்வதற்கும் கொண்டு செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டுமென நாட்டில் விதி செய்யப்பட்டது! ஆயின், 2019 டிசம்பரில் அமைச்சரவை, கொண்டு செல்வதற்கான அனுமதியை நீக்கியது. கட்டட வேலைகள் இலகுவாகும் என்பது கூறப்பட்ட நியாயம். விளைந்ததோ வேறு. வீதியிற் செல்லும் டிப்பரை மறித்து, எங்கே அள்ளிய மணல், எத்தனை கியூப் என்று கேட்பதற்குரிய பிடி கைநழுவிற்று. 2020 ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை இடைநிறுத்தியது. அவ்வாண்டு நவம்பரிலேயே வேறொரு காவலும் தளர்ந்தது. ஒதுக்கக் காடுகளாக அறிவிக்கப்படாத அரச காடுகளை வனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்திருந்த 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை நீக்கப்பட்டது. மேட்டிலே காடு அழிந்தால் பள்ளத்திலே ஆறு வற்றும் என்பதை உழவர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

மட்டக்களப்பு மாவட்டத்து விவசாயிகள் மணல் அகழ்வுக்கு எதிராகப் பலமுறை குரல் எழுப்பியுள்ளனர். ஊரார் கண் இரவும் பகலும் விழித்திருக்கும். ஆனால் தடுக்கும் கை சட்டத்தினுடையது. சட்டம் தளர்ந்தால் விழித்திருந்தும் பயனில்லை; ஊர் உறங்கினால் சட்டமிருந்தும் பயனில்லை.

வீடு கட்டுவோருக்கு மணல் வேண்டாமா எனச் சிலர் வினவுவர். வேண்டும். உலகில் ஆண்டுக்கு 5,000 கோடி தொன் மணலும் சரளையும் பயன்படுவதாக ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2022இல் கணக்கிட்டது. தேவை பெரிது என்பதனாலேயே அளவும் வேண்டும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர்ப்பங்கீடு பேசப்படுவதுபோல, மணல் அள்ளும் இடமும் அளவும் ஊரறியப் பேசப்படல் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதந்தோறும் உங்கள் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறிட்டு அளந்து, தேதியுடன் குறித்து வையுங்கள். 'நீர் குறைகிறது' என்னும் முறைப்பாட்டை அதிகாரி மறுக்கலாம். மூன்றாண்டுக் கணக்கை மறுப்பது அத்துணை எளிதன்று.