கடலடிக் கேபிளும் மார்ஃபின் மாத்திரையும்

போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் சென்னை செல்வோர் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடக்க வேண்டும். கப்பலில் மூன்று நாள். கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு மறுபரிசோதனையும் கடனாகிறது. துணைக்குச் செல்பவரின் கூலியும் போகிறது.

2020 ஆகஸ்டில் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய், மக்கள் பணம். ஸ்கேன் படங்களையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் சென்னை மருத்துவர் திரையில் கண்டு ஆலோசனை கூறினாலே பல பயணங்கள் தவிரும். தொலைமருத்துவத்தை வரவேற்க இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் திரைக்குள் அடங்காதவை உண்டு. கதிர்வீச்சைக் கேபிளில் அனுப்ப இயலாது. முற்றிய நோயின் கடும் வலிக்கு மார்ஃபின் வேண்டும். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளோ போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்ட மருந்துகளைத் தொலைவழியே எழுதித்தரத் தடை விதிக்கின்றன. தடையில் நியாயம் உண்டு. ஆகவே, நேரில் கண்டு மருந்தெழுதும் பயிற்சி பெற்ற அரசு மருத்துவரும், தடையற்ற மருந்து இருப்பும், வீடு தேடி வரும் செவிலியரும் தீவிலேயே இருந்தாக வேண்டும்.

கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2008இல் வலிதணிப்புச் சிகிச்சைக் கொள்கையை அறிவித்து, வீட்டுப் பராமரிப்பை உள்ளாட்சிகளின் பொறுப்பில் சேர்த்தது. அதற்குக் கடலடிக் கேபிள் தேவைப்படவில்லை. செவிலியர் பணியிடங்களை நிரப்பாமல் கணினித் திரையை மட்டும் திறந்துவைக்கும் நிர்வாகத்திடம், கராச்சர்மாவில் மார்ஃபின் எழுதித்தரும் மருத்துவர் யார், எந்நாளில் கிடைப்பார் என்று தோழர்கள் எழுத்துமூலம் கேட்க வேண்டும்.