சுருக்குக் கம்பிக்கு யார் பொறுப்பு?



வன்செயலுக்குப் பயந்து மலைநாட்டை விட்டு இறங்கி, இறக்கக்கண்டிக் கடலோரத்தில் குடியேறிய குடும்பங்கள் நாங்கள். ஆனாலும் லயத்தில் இருக்கும் எங்கள் உறவுகள் மீது பழி விழும்போது வாய்மூடி இருக்க மாட்டோம்.

2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில், மரக்கறிப் பாத்தியருகே ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் செத்தது. இப்படி ஒவ்வொரு முறையும் கை நீட்டப்படுவது தோட்டத் தொழிலாளியை நோக்கித்தான்.

சிறுத்தை எங்களுக்கு எதிரி அல்ல. இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இல்லாத துணையினம். வளர்ந்தவை 800க்கும் குறைவு என்று 2020இல் மதிப்பிட்டார்கள். புலிகளில் பாலிப் புலி, ஜாவாப் புலி, காஸ்பியன் புலி மூன்றும் கடந்த நூற்றாண்டில் அழிந்தன. காட்டை வெட்டிப் பயிரிட்டார்கள், மிஞ்சியதை வேட்டையாடினார்கள். போன இனம் திரும்பவில்லை. இங்கும் காட்டை அழித்துக் கோப்பியும் தேயிலையும் போட்டு லாபம் பார்த்தவன் வெள்ளைக்காரத் துரை. எங்கள் பாட்டன் கூலிக்கு வந்தவன்.

சுருக்கு எதற்கு? காட்டுப்பன்றிக்கு. பன்றி ஏன் லயம் வரை வருகிறது? 1992இல் கம்பனிகள் தோட்டங்களைப் பொறுப்பேற்றன. இன்று எத்தனையோ மலைகளில் புல்லுவெட்டு இல்லை, கவ்வாத்து இல்லை. தேயிலை மரமாகி, மலை காடாகிக் கிடக்கிறது. அதில் பன்றி படுக்கிறது; பின்னாலேயே சிறுத்தை வருகிறது. அதே மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள்தான் கடிபடுகிறார்கள். புல்லுவெட்ட ஆளுக்குப் பேர் போட மறுக்கும் நிர்வாகத்திடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

நம் பக்கத்துப் பிழையையும் சொல்கிறோம். கம்பிக்குப் பன்றியும் சிறுத்தையும் ஒன்றுதான். வழக்கு வந்தால் துரை கூண்டில் நிற்கமாட்டார்; நீங்கள்தான் நிற்பீர்கள். வைத்த கம்பியை இன்றே கழற்றுங்கள்.

நிர்வாகத்திடம் கேட்கிறோம்: காடான மலைகளை வெட்டித் துப்புரவாக்கு. மரக்கறித் தோட்டத்துக்கு வேலி அடித்துக் கொடு. சிறுத்தை தாக்கினால் வைத்தியச் செலவும், வேலைக்குப் போகாத நாட்களுக்கு முழுப் பேரும் கொடு.

சிறுத்தையும் பிழைக்கட்டும், கொழுந்தெடுப்பவளும் பிழைக்கட்டும். இரண்டுக்கும் தடையாக இருப்பது ஒரே கஞ்சத்தனம்தான்.