கையெழுத்து மட்டும் போதும் என்றார் உங்கள் எஸ்.ஐ.

மதிப்பிற்குரிய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

தாலுகா அரசு மருத்துவமனை ஒன்றில் இரவுப்பணி பார்க்கும் மருத்துவர் நான். இதே விஷயத்தை எங்கள் இணை இயக்குநர் வழியாகத் தங்களுக்கு எழுதினேன். தங்கள் அலுவலகத்திலும் மனு கொடுத்தேன். ரசீது வந்தது, பதில் வரவில்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

கைதானவரைப் பரிசோதிக்கும் விதிகளைப் பற்றித் தங்களுக்கு நான் பாடம் எடுக்கப்போவதில்லை. 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது காவல் நிலையச் சுவர்களிலேயே பலகையாகத் தொங்குகிறது. ஒரே ஓர் இரவைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இரவு 11.40-க்கு, திருட்டு வழக்கில் பிடித்த இளைஞன் ஒருவனை உங்கள் எஸ்.ஐ.யும் இரண்டு காவலர்களும் நடத்திக் கூட்டிவந்தார்கள். நடத்தி என்பது பேச்சுக்குத்தான். அவனால் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியவில்லை. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான் டாக்டர். ரிமாண்டுக்கு ஃபிட்னு ஒரு கையெழுத்து மட்டும் போதும்." சான்றிதழை அவரே எழுதி எடுத்து வந்திருந்தார். காவலர்களை வெளியே நிற்கச் சொன்னேன். போகவில்லை. எப்படி அடிபட்டது என்று கேட்டேன். அந்த இளைஞன் என்னைப் பார்க்கவில்லை, எஸ்.ஐ.யைப் பார்த்தான்.

இரண்டு உள்ளங்கால்களும் வீங்கி நீலம் பாரித்திருந்தன. தொடையின் பின்புறம் ஜோடி ஜோடியாகச் சிவப்புக் கோடுகள், ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே வெளிறிய இடைவெளி. உருளைத் தடியால் ஓங்கி அடித்தால் தோலில் விழும் தடம் அது. தடயவியல் மருத்துவத்தில் தேறிய எந்த மாணவரும் சொல்லிவிடுவார். எஸ்.ஐ. சொன்ன காரணத்தையும் நான் கண்டதையும் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) நேரம் போட்டு எழுதினேன். எக்ஸ்ரேவுக்காக மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தேன்.

பிறகு தொலைபேசி. முதலில் உங்கள் டி.எஸ்.பி., அடுத்து எங்கள் துறையிலேயே ஒருவர். "ஏன் டாக்டர் வம்பை விலைக்கு வாங்குறீங்க?" அதற்குள் ஆளை வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் 'ஃபிட்' வாங்கிவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். பணி நிரந்தரமாகாத இளம்பெண், வெளியூரில் தனியே அறை எடுத்துத் தங்கியிருப்பவர். நானாவது உள்ளூர்க்காரன்.

மறுநாள் எனக்கு மெமோ: காவல்துறைக்கு ஒத்துழைக்காதது ஏன்? அதற்கும் பிறகு உங்கள் தரப்பு அறிக்கை வந்தது. விடியற்காலையில் தப்பியோட முயன்று பாலத்திலிருந்து குதித்ததில் அவனுக்குக் கால் முறிந்ததாம். மாவுக்கட்டோடு படமும் வந்தது.

எஸ்.பி. அவர்களே, முந்தின இரவே ஊன்ற முடியாத காலோடு அவன் எப்படி ஓடினான்? என் பதிவேட்டில் கழிவறை, உங்கள் அறிக்கையில் பாலம். இரண்டில் எதை நம்பச் சொல்கிறீர்கள்? அந்தக் கழிவறைக்கு ஏட்டுகளும்தானே போய்வருகிறார்கள். ஒருவர்கூட வழுக்கி விழுந்து எங்களிடம் வந்ததில்லையே! ஆள் பார்த்து வழுக்கும் தரையை எந்தக் கொத்தனார் போட்டுக் கொடுத்தார்?

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் மருத்துவச் சான்றோடுதான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். பென்னிக்ஸ் 22-ம் தேதி இரவும் ஜெயராஜ் 23-ம் தேதி காலையும் இறந்தார்கள். அப்படியொரு நாள் இங்கும் வந்தால், கூண்டில் ஏறி 'இது என் கையெழுத்துதான்' என்று சொல்லப்போவது அந்த இளம்பெண். சான்றிதழை எழுதி எடுத்துவந்த உங்கள் எஸ்.ஐ. அல்ல.

என்னை எங்கே மாற்றினாலும் போகிறேன். ஆளை அனுப்பினால் பரிசோதிக்க அனுப்புங்கள். எழுதிய தாளோடு அனுப்பாதீர்கள்.

ஏ.ஆர். நகலை, அந்த இளைஞன் கேட்டுக்கொண்டபடி அவன் தாயாரிடம் கொடுத்துவிட்டேன். நீங்களாகக் கேட்டு வாங்கிப் படித்தாலும் சரி, நீதிமன்றத்தில் படிக்கும்போது கேட்டுக்கொண்டாலும் சரி.

இப்படிக்கு,
இரவுப்பணி மருத்துவர்