மதில்மேட்டுக்கு ஒரு மன்னன் வேண்டுமா?

வடமேற்கு வேல்ஸில், ட்ராவ்ஸ்வனித் ஏரிக்கு அருகே ஒரு மண்மேடு நிற்கிறது. பெயர் டோமென் அ மீர். நம் மொழியில் மதில்மேடு எனலாம். முதல் நூற்றாண்டில் ரோமானியர் எழுப்பி, அடுத்த நூற்றாண்டிலேயே கைவிட்டுப் போன கோட்டையின் மீது, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து யாரோ இம்மண்ணைக் குவித்தனர். நார்மானியர் என்பது பெரும்பான்மைக் கருத்து. 1095இல் வேல்ஸ் மீது படையெடுத்த இரண்டாம் வில்லியமே கட்டினான் என்று சொல்வோரும் உண்டு. இருக்கலாம். ஆயினும், மேடு கண்ட இடத்திலெல்லாம் மன்னனைத் தேடும் இப்பழக்கம் நமக்கு உவப்பானதன்று. கூடை சுமந்தவர்களை யாரும் தேடுவதில்லை.

‘மபினோகி’யின் நான்காம் கிளையில் லெய் என்னும் தலைவன் வாழ்ந்த மீர் காஸ்டெல் இவ்விடமே என்பர். மலர்களைக் கொண்டு அவனுக்கென்றே படைக்கப்பட்ட மனைவி ப்ளொடைவெத், வேறொருவனை விரும்பி, கணவனைக் கொல்லத் துணிந்து, முடிவில் ஆந்தையாக்கப்படுகிறாள். (அவளைக் கேட்டா படைத்தார்கள்? அது தனிக் கட்டுரைக்கு உரியது.) கட்டியவன் பெயர் கல்லில் பொறித்திருந்தால் இக்கதைக்கு இங்கே இடம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

மேட்டின் மேலிருந்து பார்த்தால் ஏரிக்கரையில் அணுமின் நிலையம் தெரியும். 1991இல் உற்பத்தி நின்றது. பிரித்தகற்றும் பணி இன்னும் முடியவில்லை. மதில்மேட்டின் வரலாறு மறந்ததால் எவருக்கும் தீங்கில்லை. அணுக்கழிவு எங்கே வைக்கப்பட்டது என்பதை எத்தனை தலைமுறைகள் மறவாதிருக்க வேண்டும்? மன்னனைத் தேடுவோர் இக்கணக்கையும் சற்றே போட்டுப் பார்க்கட்டும்.