நஞ்சில்லா வயலிலும் கண்ணுக்குக் காவல் வேண்டும்



போன மாசம் பக்கத்து ஊரில் நடந்த இடுபொருள் பயிற்சிக்குப் போயிருந்தேன். அன்றைக்குப் பத்திலைக் கரைசல். நொச்சி, ஆடாதொடை, வேம்பு, எருக்கு எல்லாம் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். இளைஞர்கள் சுற்றி உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தார்கள். எருக்கங்கிளையை ஒடிக்க ஒடிக்க பால் தெறிக்குது. "தம்பி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கிட்டு ஒடிங்க"ன்னு சொன்னேன். ஒரு தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, இது என்ன ரசாயனமா? இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது."

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பத்து வருசத்துக்கு முந்தி நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நஞ்சை விட்டுவிட்டால் வயலில் ஆபத்து எல்லாம் போய்விடும் என்று நாம் நம்புகிறோம். பயிற்சிகளில் அப்படியே பேசவும் செய்கிறோம். அந்த நம்பிக்கை என் வலது கண்ணில் பாதியைக் கொண்டுபோய்விட்டது.

ஒரு சுணை செய்த வேலை

எட்டு வருசத்துக்கு முன், மாசி மாதம். விதைக்காக வைத்திருந்த மாப்பிள்ளைச் சம்பாவைக் களத்தில் கையால் அடித்துக்கொண்டிருந்தோம். மிஷினில் போட்டால் வேறு நெல் கலந்துவிடும், விதைநெல்லுக்கு ஆகாது. அடித்து முடித்து முறத்தில் தூற்றும்போது காற்று திரும்பியது. வலது கண்ணில் சுருக்கென்றது. சுணையா உமியா தெரியவில்லை. துண்டு நுனியால் துடைத்தேன், வாய்க்கால் தண்ணீரில் அலசினேன், வேலையைப் பார்த்தேன்.

ராத்திரி கண் உறுத்தியது. பெரியம்மா விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டார்கள். மறுநாள் சிவந்து நீர் வடிந்தது. அறுவடை நேரம், டவுனுக்குப் போக யாருக்கு நேரம்? ஒரு மருந்துக்கடையில் சொல்லி சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் சிவப்பு குறைந்தது, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் விளக்கைப் பார்க்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கருப்பில் வெள்ளையாக ஒரு புள்ளி.

கண் மருத்துவமனையில் புண்ணை லேசாகச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பூஞ்சை. நான் கடையில் வாங்கிய மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது. "ஸ்டீராய்டு சிவப்பை அமுக்கும், பூஞ்சையை வளரவிடும். ரெண்டு நாள் நல்லாயிட்ட மாதிரி இருந்தது அதனாலதான்" என்றார் மருத்துவர். பிறகு நேட்டமைசின் சொட்டு மருந்து, முதலில் மணிக்கு ஒரு தடவை. ராத்திரியில் என் மனைவி அலாரம் வைத்து எழுந்து எழுந்து ஊற்றினார். புண் ஆற இரண்டு மாசத்துக்கு மேல் ஆனது. ஆறிய இடத்தில் தழும்பு நின்றுவிட்டது. ஊர் பேச்சில் சொன்னால், கண்ணில் பூ விழுந்துவிட்டது.

நமக்கு ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

கருவிழி என்பது கண்ணின் முன்பக்க ஜன்னல். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம்தான். அதில் ரத்தக்குழாய் கிடையாது. காற்றிலிருந்தும் கண்ணீரிலிருந்தும்தான் மூச்சு வாங்குகிறது. மேல்தோல் கீறாமல் இருக்கும்வரை கிருமி எளிதில் உள்ளே போகாது. நெல் சுணையோ கரும்புத் தோகையோ கீறிவிட்டால் கதவு திறந்த மாதிரி.

அந்தக் கதவு வழியாக வருவது யார்? பியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள். மண்ணிலும் மட்கும் இலைதழையிலும் வைக்கோலிலும் வாழ்பவை. நாம் வைக்கோல் மூடாக்கு போடுகிறோம், மட்கு புரட்டுகிறோம், கையால் களை எடுக்கிறோம், கையால் கதிர் அடிக்கிறோம். மண்ணை உயிரோடு வைத்திருப்பது நம் பெருமை. அந்த உயிர்களில் சில கண்ணுக்கு ஆகாதவை என்பதையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். பூச்சிக்கு நாம் தெளிக்கும் பிவேரியா பேசியானா கூட, மிக அரிதாக, மனிதக் கருவிழியில் புண் உண்டாக்கியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

எருக்கம்பால் இன்னும் மோசமான வேலை செய்யும். கண்ணில் பட்டால் கருவிழியின் உள்பக்கச் செல்களைத் தாக்கும். பல நேரம் வலி பெரிதாக இருக்காது, பார்வை மட்டும் புகை மூட்டம் போல மங்கும். வலி இல்லையே என்று ஆட்கள் சும்மா இருந்துவிடுவார்கள். போர்டோ கலவைக்குச் சுண்ணாம்பு நீற்றுகிறோம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் வெந்து உள்ளே இறங்கிக்கொண்டே போகும். இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசலைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

நாட்டு வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நானும் மூலிகையை நம்புகிறவன்தான், வீட்டில் சளிக்கும் காய்ச்சலுக்கும் கஷாயம்தான். ஆனால் கண்ணில் கீறல் பட்டால் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ இலைச்சாறோ விடக்கூடாது. அவை கிருமி நீக்கப்பட்டவை அல்ல. திறந்த புண்ணில் ஊற்றினால் கிருமியை நாமே உள்ளே அனுப்புகிறோம். 1990களில் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு முதலில் கண்ணில் அடிபட்டிருந்தது. கருவிழிப் புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பலர் வருவதற்கு முன்பே நாட்டு மருந்து ஏதோ ஒன்று விட்டிருக்கிறார்கள். தூசி எடுக்கிறேன் என்று நாக்கால் தடவி விடுவதும், புடவை நுனியைச் சுருட்டி எடுப்பதும் இதே கணக்குதான்.

மருந்துக்கடை வைத்தியமும் அதே அளவு தப்பு என்பதற்கு நானே சாட்சி.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. கருவிழியில் கீறல் பட்டவர்களுக்கு ஊரிலேயே பயிற்சி பெற்ற பணியாளர்கள் ஆன்டிபயாடிக் களிம்பு போட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. நான் ஐந்து நாள் தாமதித்தேன்.

தழும்போடு வேலை செய்வது

அந்தக் கண்ணோடு எட்டு வருசமாக விவசாயம் செய்கிறேன். தழும்பு உள்ள கருவிழி மேடுபள்ளமான வரப்பு மாதிரி, கண்ணீர் சமமாக நிற்காது. சீக்கிரம் காயும், உறுத்தும், வெயில் சிதறி கூசும். பூ விழுந்தவர்கள், கருவிழி கூம்பாகிப்போனவர்கள், கருவிழி மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் நம் கூட்டங்களிலும் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை. அவர்களுக்காக என் பழக்கங்களை எழுதுகிறேன். மருத்துவர் சொன்னதற்கு மேல் அல்ல, அதோடு சேர்த்து.

வேலையை வெயிலுக்கு ஏற்ப அடுக்குகிறேன். குனிந்து பார்க்கும் வேலை காலை பத்து மணிக்குள், மீதி நாலு மணிக்கு மேல். களை எடுக்கும்போது காலையில் மேற்குப் பார்த்து, சாயங்காலம் கிழக்குப் பார்த்து வரிசை பிடிப்பேன். சூரியன் முதுகில் இருக்கும். தலைப்பாகை போதாது, முன்பக்கம் நீண்ட விளிம்புள்ள தொப்பி. வயலில் மருத்துவர் எழுதிக்கொடுத்த நிறக் கண்ணாடி, பக்கவாட்டில் மறைப்போடு.

செயற்கைக் கண்ணீர் சொட்டு ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்படுகிறது. அதனால் பதப்படுத்தும் பொருள் சேர்க்காத வகையை மருத்துவர் எழுதிக்கொடுத்தார். அடிக்கடி விடும்போது அந்தப் பதப்பொருளே கண்ணை உறுத்துமாம். எரிந்த பிறகு விடுவதைவிட எரியும் முன் விடுவது நல்லது, வேலைக்கு இறங்கும் முன் ஒன்று, கரையேறியதும் ஒன்று. புட்டியை வெயிலில் வைப்பதில்லை, பைக் பெட்டியிலும் வைப்பதில்லை. வாங்கும்போதே எவ்வளவு நாள் வரும் என்று அட்டையில் பார்த்து, திறந்த தேதியை பேனாவால் எழுதிவிடுவேன். பஞ்சகவ்யம் கலக்கிய கையால் கண்ணைத் தொடுவதில்லை. சோப்பு போட்டுக் கழுவி, கை காய்ந்த பிறகுதான் மருந்து.

இரவு பாசனத்துக்குத் தனியாகப் போவதில்லை. ஒரு கண் மங்கினால் தூரம் ஏமாற்றும். வரப்பு என்று நினைத்து வாய்க்காலில் கால் வைத்திருக்கிறேன். அரிவாள் பிடிக்கும்போது வேகத்தைக் குறைத்தேன். தென்னை ஏறுவதை விட்டேன். தூற்றும் வேலையை அடியோடு விட்டுவிட்டேன். அதற்கு ஆள் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது, சுமைதான். ஆனால் மீதிக் கண்ணை வைத்துக்கொண்டு நான் வாழ வேண்டும். அந்த நல்ல கண்ணுக்கும் சேர்த்துத்தான் காப்புக் கண்ணாடி.

திடீரென்று வலி, சிவப்பு, கூச்சம், பார்வை மங்கல், இதில் எது கூடினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அறுவடை காத்திருக்கும்.

நான் கேட்பது

கூலிக்கு வரும் பெண்களை நினைத்துப் பாருங்கள். களை எடுப்பவர்கள், கதிர் அடிப்பவர்கள், தூற்றுபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். என்னால் ஆள் வைத்துக்கொள்ள முடிந்தது. அவர்களுக்குக் கண் போனால் கூலியே போச்சு. 'நஞ்சில்லா அரிசி' என்று பை மேல் அச்சடித்து விற்கிறோம். அந்த அரிசியைத் தூற்றியவருடைய கண்ணுக்கு நாம் ஒரு பொறுப்பும் எடுக்காமல் இருப்பது நியாயமா?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. வெல்டிங் சாமான், பெயிண்ட் சாமான் விற்கும் கடைகளில் பக்கம் மூடிய நிறமில்லாத காப்புக் கண்ணாடி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வியர்வையில் ஆவி படர்கிறது என்று கழற்றிவிடுவார்கள், உண்மைதான். காற்றுத் துளை உள்ளதாக வாங்குங்கள். உள்பக்கம் துளி சோப்பு தடவி, மெல்லிய துணியால் காயத் துடைத்துவிட்டால் கொஞ்ச நேரம் ஆவி பிடிக்காது.

ஒவ்வொரு குழுவும் விதை வங்கியில் விதையோடு பத்து கண்ணாடியும் வைக்கட்டும். அறுவடை நாளில் எடுத்துப்போய், கழுவித் திருப்பித் தரலாம். கூலிக்கு ஆள் கூப்பிடும் நில உரிமையாளர் டீ கொடுப்பது போலவே கண்ணாடியும் கொடுக்க வேண்டும்.

கரைசல் பயிற்சியில் முதல் பத்து நிமிசம் கண்ணுக்கு ஒதுக்குங்கள். எருக்கு ஒடிப்பவரும் சுண்ணாம்பு நீற்றுபவரும் கண்ணாடி இல்லாமல் உட்காரக் கூடாது. பக்கத்தில் ஒரு குடம் குடிதண்ணீர் இருக்கட்டும். பால், சுண்ணாம்பு, கரைசல் எது பட்டாலும் இமையை விரித்துப் பிடித்து கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீர் ஊற்றிவிட்டு, பிறகு வண்டி ஏற்றுங்கள். அந்த நேரத்தில் நல்ல தண்ணீர் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், கையில் கிடைத்த சுத்தமான தண்ணீரை உடனே ஊற்றுங்கள். வெறும் தூசிக்கு மட்டும் குளத்து நீரும் வாய்க்கால் நீரும் வேண்டாம். அடிபட்ட கண்ணைக் கசக்கவும் கூடாது, கட்டுப் போடவும் கூடாது.

அன்றைக்குச் சிரித்த அந்தத் தம்பியிடம் பயிற்சி முடிந்ததும் போய், என் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கண்ணாடி எந்தக் கடையில கிடைக்கும்யா?" என்று கேட்டார். அடுத்த பயிற்சி அவர் தோட்டத்தில்தான். பத்து கண்ணாடி வாங்கிவிட்டதாக நேற்று போன் பண்ணிச் சொன்னார்.